முப்பது விநாடிக்கு ஓரடி

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதிலேயே நீ நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது, அதனால் நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்காமல், என்றும் இப்படியே இரு என்று சொல்லித் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதி நான் அவள் பேச்சைக் கேட்காததால் வருவது என்கிறாள். மேல்வீட்டுக்காரரின் குளியலறைத் தண்ணீர் நம் கூடத்துச் சுவரில் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மூன்று முறை வாயால் சொன்னேன், "பாத்துடலாம் சார், பாத்துடலாம்" என்று மூன்று முறையும் ஒரே பதில், நான்காவது முறை சொல்லப் போவதில்லை, படம் எடுத்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியதுதான். ஆனால் ஆபீசில் நடந்ததைப் போனில் சொல்ல முடியாது, அம்மா நடுவில் புகுந்து முடிவை முதலிலேயே உடைத்துவிடுவாள், நீயும் "சூப்பர்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் முழுசாக ஜெயித்திருக்கிறேன், அதை ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனமில்லை. உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். எங்கள் விளையாட்டு இலவசம். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம், நடுவில் மூன்று பாலங்கள், பாலங்களைப் பிடித்து எதிரியின் கோட்டையை உடைத்தவர்கள் ஜெயித்தவர்கள், பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஆடலாம், உடுப்பு, தொப்பி, நிறம் இவற்றைத்தான் விற்றோம், அதில்தான் எழுபது பேருக்குச் சம்பளம். எந்த வாள் எவ்வளவு வெட்ட வேண்டும், எந்தக் கவசம் எத்தனை அடி தாங்க வேண்டும் என்று எண் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் ஜெயிக்கச் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. புள்ளியியலில் முதுகலை படித்து, பதினோரு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தி, அடுத்த துறைத் தலைவர் நான்தான் என்று பியூன் வரை சொல்லி, கடைசியில் என் கட்டுரையில் பாதியைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவன் அந்தப் பதவிக்குப் போன பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இது. அவன் பெயரை எழுதி இந்தத் தாளைக் கெடுக்கமாட்டேன். உன் மாமா புது வீட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டாரே, அன்றைக்கு நாற்பது பேர் முன்னால், "நம்ம மச்சானுக்கு ஆபீஸ்ல என்ன வேலை தெரியுமா? கத்தி சரியா வெட்டுதான்னு பாக்குற வேலை, ஆனா கத்தியே கிடையாது" என்றார், நாற்பது பேரும் சிரித்தார்கள், உன் அம்மாவையும் சேர்த்துத்தான் நாற்பது.

போன வருடம் வருமானப் பிரிவுக்குத் தலைவராக ஒருவன் வந்தான். அந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன், கூப்பிட்டு உட்காரவைத்து இல்லை என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அவன் எந்நேரமும் சிரித்தபடியே இருப்பான், கெட்ட செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்வான், ஆபீசில் அவனுக்குச் சிரிப்புக்காரன் என்று பெயர், வைத்தது நான்தான். அவன் கொண்டுவந்ததுதான் வெள்ளிக் கேடயம். சாதாரணக் கேடயம் பத்து அடி தாங்கினால் இது பதினொன்று தாங்கும். காசு கொடுத்தால் உடனே கையில் வரும், கொடுக்காதவர்கள் நானூறு மணி நேரம் ஆடினால் வரும். "யாருக்கும் இல்லன்னு சொல்லல சார், கொஞ்சம் லேட்டா கிடைக்கும்னுதான் சொல்றோம்" என்றான். மூன்று நாள் கணக்குப் போட்டேன். ஒருவன் கையில் அது இருந்தால் அவன் அணி ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதிலிருந்து ஐம்பத்திரண்டு ஆனது. இரண்டுதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று சம்மதித்தேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. காசு கொடுக்கிறவர்கள் ஐந்து பேராகச் சேர்ந்து வருவார்கள், ஒருவனை ஒருவன் மறைத்துக்கொண்டு நிற்பார்கள், அப்போது அது ஐந்து கேடயம் இல்லை, ஒரு சுவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தனியாகவே நின்றவனுக்கு ஐந்து பேர் சேர்ந்து நிற்பார்கள் என்று எப்படித் தோன்றும்.

ஆறு மாதம் கழித்து நீ போன் பண்ணினாய். "அப்பா, நான் அந்த கேமை அழிச்சுட்டேன். காசு குடுத்து ஜெயிச்சவங்ககிட்ட போய் நல்லா ஆடுனீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றாய். நான் கத்தினேன், எல்லாம் கணக்குப்படி சரியாக இருக்கிறது, தோற்றவர்கள் சொல்லும் சாக்கு இது என்றேன், நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிப்பா" இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் காலை மீட்டிங்கில் சிரிப்புக்காரன் ஒரு படத்தைச் சுவரில் போட்டான். பதினான்கு நிமிடமாக இருந்த ஆட்ட நேரம் இருபத்திரண்டாக ஏறியிருந்தது. "ஜனங்க எழுந்து போகவே மாட்டேங்கறாங்க, அவ்வளவு பிடிச்சிருக்கு" என்றான், எல்லோரும் கை தட்டினார்கள், முதலாளியம்மாவும் தட்டினார். நான் தட்டவில்லை. நான் தட்டாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எதற்குமே தட்டாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று காரணம் பொறாமை இல்லை. ஒரு பக்கம் பலம் கூடினால் ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். ஏன் நீள்கிறது? முதல் வகுப்பு மாணவன்கூடக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த அறையில் முப்பது பேர் கேட்கவில்லை.

எங்கள் ஆபீசில் ஒரு பெண் இருக்கிறாள், விளையாட்டில் எங்கே ஓட்டை என்று தேடுவது அவள் வேலை, எதைக் கொடுத்தாலும் உடைத்துக்காட்டுவாள், அதனால் உடைப்பு என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நானும் அவளும் ஒரு வாரத்து ஆட்டங்களை எடுத்து, ஆடியவர்கள் எங்கெங்கே நடந்தார்கள் என்று காலடிகளைப் புள்ளியாக ஒரே படத்தில் போட்டுப் பார்த்தோம். பாலங்களின் மேல் கறுப்பாக இருக்கும், அது எதிர்பார்த்தது. ஆனால் அதைவிடக் கறுப்பாகத் தொடக்க வாசலில், ஆட்டக்காரர்கள் முதலில் வந்து இறங்குகிற இடத்தில், ஒரு பெரிய புள்ளி. "சார், மை கொட்டிடுச்சா?" என்றாள். ஒரு ஆட்டத்தைத் திறந்து மெதுவாக ஓட்டினோம். கேடயம் இல்லாத ஐந்து பேர் அந்த வாசலிலேயே நிற்கிறார்கள். முப்பது விநாடிக்கு ஒரு முறை ஓரடி இடது பக்கம், அடுத்த முப்பது விநாடிக்கு ஓரடி வலது பக்கம். இன்னொரு ஆட்டம், அதே மாதிரி. நூறு ஆட்டம் பார்த்தோம். எனக்குக் காது சூடானது, ஏனென்றால் அந்த முப்பது விநாடி என்னுடையது. கூட ஆடுகிறவர்களை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிறவர்களைத் தடுக்க நான்கு வருடத்துக்கு முன்பு நான் போட்ட விதி, முப்பது விநாடி அசையாமல் நின்றால் ஓடிப்போனதாக அர்த்தம், ஓடிப்போனால் ஒரு நாள் முழுக்க ஆடத் தடை. அந்த ஆபீசில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்த விதிக்குத்தான். கேடயக்காரர்கள் பாலத்தைப் பிடித்த பிறகு கோட்டையை உடைப்பதில்லை, பாலத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர்களுக்குப் பாயிண்ட் உண்டே, இழுத்தடிக்கிறார்கள். தோற்கப் போகிறவர்களுக்கு வெளியே போகவும் வழியில்லை. "இவங்க விளையாடல சார், தண்டனை முடியட்டும்னு நிக்கறாங்க" என்றாள் உடைப்பு. இதைத்தான் எங்கள் ஆபீசில், ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று படம் போட்டுக் கை தட்டினார்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு சிரிப்புக்காரனிடம் போனேன். அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட மதித்திருப்பேன். "சார், வாராவாரம் நாமளே ஆடறோமே, எவ்வளவு சமமா இருக்கு, போன வாரம் நீங்களே ஜெயிச்சீங்க" என்றான். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு, வியாழக்கிழமை மதியம் வேலையை நிறுத்திவிட்டு ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து எங்கள் விளையாட்டை நாங்களே ஆடுவோம், கடைசி ஆட்டத்தில் தோற்ற அணி ஆபீசில் உள்ள டீ கப் அத்தனையும் கழுவ வேண்டும், முதலாளியம்மாவுக்கும் விலக்குக் கிடையாது. ஆனால் ஆபீசில் வேலை செய்கிறவர்களின் அக்கவுண்டில் எல்லாமே முதல் நாளிலிருந்தே திறந்திருக்கும், வெள்ளிக் கேடயமும்தான். பத்துப் பேர் கையிலும் கேடயம், அப்புறம் சமமாக இல்லாமல் எப்படி இருக்கும். அதை உண்டாக்கி, விலை போட்டு, விற்று, அதைப் பற்றித் தினமும் பேசிய எழுபது பேரில் ஒருவர்கூட ஒரு நாளும் அது இல்லாமல் ஆடிப் பார்க்கவில்லை. நானும்தான்.

முதலாளியம்மாவிடம் நேராகப் போய், இந்த வியாழக்கிழமை ஐந்து பேர் வெளியாட்கள் மாதிரிப் புது அக்கவுண்டில் ஆடட்டும், சீட்டுப் போட்டு எடுக்கலாம் என்று கேட்டேன். அவர் அதிகம் பேசமாட்டார், ஆரம்பத்தில் இரண்டு வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து அந்த விளையாட்டை உண்டாக்கியவர், இன்றைக்கும் ஆபீசில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "சரி, போடுங்க" என்றார். சீட்டு எடுத்ததில் அவருக்கும் உடைப்புக்கும் வெறும் அக்கவுண்ட் வந்தது, சிரிப்புக்காரனுக்குக் கேடயம். நான் எந்தத் திருகுவேலையும் செய்யவில்லை, செய்யாமலே அப்படி வந்தது, என் வாழ்க்கையில் சீட்டு எனக்குச் சாதகமாக விழுந்தது அன்று ஒரு நாள்தான். முதல் ஐந்து நிமிடம் முதலாளியம்மா அபாரமாக ஆடினார், ஒரே ஆளாக இரண்டு பேரை விழத்தட்டினார். அப்புறம் எதிரில் ஐந்து பேரும் ஒட்டி நின்றார்கள். ஒன்பதாவது நிமிடம் மூன்று பாலமும் போயிற்று. சிரிப்புக்காரன் நாற்காலியில் குதித்தான், "அம்மா, வெளிய வாங்க, வாசல்லயே ஏன் நிக்கறீங்க" என்று கேலி பண்ணினான். அவர் இரண்டு முறை வெளியே வந்தார், இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டார். அதன் பிறகு அறையில் ஒரு பக்கம் மட்டும்தான் சத்தம். பதினைந்தாவது நிமிடம் நான் அவர் கையைப் பார்த்தேன். இடது கையில் போனை வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தார், வலது கை விரல் தன்பாட்டுக்கு ஒரு பொத்தானைத் தட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பொத்தான். ஆட்டம் இருபத்து மூன்று நிமிடம் ஓடியது. முடிந்ததும் நான் அந்த ஆட்டத்தின் காலடிப் படத்தைச் சுவரில் போட்டேன். வாசலில் கறுப்புப் புள்ளி. "இந்தப் புள்ளி யாரு?" என்று கேட்டார். "நீங்கதாம்மா" என்றேன். "அவ்வளவு நேரமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்றார். உடைப்புதான் பதில் சொன்னாள், "அம்மா, நம்ம கணக்குல நீங்க ரொம்ப விரும்பி விளையாடிட்டிருந்தீங்க."

யாரும் சிரிக்கவில்லை, சிரிப்புக்காரன்கூட. முதலாளியம்மா எழுந்து நேராகக் கப் கழுவப் போனார். நாற்பது கப் இருக்கும். நான் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று துடைத்தேன். பாதிக் கப் ஆன பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "கேடயத்தை எடுத்துட்டா சம்பளத்துக்கு நான் எங்க போறது? நியாயத்தைக் குடுத்தா கரண்ட் பில்லு வாங்கிக்குவாங்களா சார்?" என்று கேட்டார். சரியான கேள்வி, எனக்குப் பிடிக்காத கேள்வி. கேடயம் வந்த பிறகு வருமானம் கூடியிருந்தது உண்மை. அது இன்றைக்கு நிற்பவர்களிடம் வாங்கும் காசு, அவர்கள் எதிரில் நிற்க ஆள் இல்லாமல் போகும் நாளில் அதுவும் நின்றுவிடும், ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கு மூன்று பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "போறவங்க காசு குடுக்காதவங்கதானே" என்றார். காசு கொடுக்காதவர்கள்தானம்மா காசு கொடுத்தவர்களுக்கு எதிராளி, எதிராளி இல்லாமல் யாரை ஜெயிப்பார்கள் என்றேன். கப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எட்டு வாரம் கொடுங்கள், வருமானம் இன்றைக்கு இருக்கும் கோட்டுக்குக் கீழே நின்றால் நான் வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியாது, வாய் முந்திக்கொண்டது. "நீங்க போறதுல எனக்கு என்ன லாபம்?" என்றார். ஒரு சம்பளம் மிச்சம் என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்து அன்று பார்த்தேன். "எட்டு வாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பை எடுத்தார். வீட்டில் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருடம் இருக்கிறது, இந்த வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான், அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "சொல்லிட்டு வந்துட்டீங்க இல்ல, இனி அதையாவது ஜெயிங்க" என்றாள்.

கப் கழுவிய மறுநாளே வேலையை ஆரம்பித்திருந்தோம். வெள்ளிக் கேடயமும் இனிப் பத்து அடிதான் தாங்கும், பளபளப்பு மட்டும் மிச்சம். காசு கொடுத்து வாங்கியவர்கள் விரும்பினால் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வைத்துக்கொள்கிறவர்களுக்குக் கேடயத்தில் அவரவர் வாங்கிய வரிசை எண் பொறித்துத் தரப்படும். ஐந்தில் மூன்று பேர் தோல்வியை ஒப்புக்கொண்டால் தண்டனை இல்லாமல் ஆட்டம் முடியும், என் விதியை நானே என் கையால் திருத்தினேன். பாலத்தைப் பிடித்து வைப்பதற்கான பாயிண்ட் பத்து நிமிடத்துக்கு மேல் கிடையாது. முதல் வாரம் வருமானம் விழுந்தது. இரண்டாம் வாரம் இன்னும் விழுந்தது. எந்த முட்டாள் இந்த எண்ணைப் போட்டது என்று வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்தார், சிரிப்புக்காரன் அதை என்னிடம் சிரிக்காமல் படித்துக்காட்டினான், பெரிய மரியாதைதான். மூன்றாம் வாரம் கோட்டுக்குக் கீழே நூற்றுக்கு முப்பத்தெட்டு. உன் அம்மா தன் தம்பியிடம், அதுதான் உன் மாமாவிடம், சொல்லியிருக்கிறாள், அவர் போன் பண்ணி, "மச்சான், ஒண்ணும் கவலப்படாதீங்க, நம்ம கடையில ஸ்டாக் பாக்க ஒரு ஆள் வேணும், நம்ம ஆளுன்னா நல்லதுதானே" என்றார். நல்ல மனதோடு சொன்னாரா என்று எனக்குத் தெரியாது, நல்ல மனதோடு சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம். ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆட்ட நேரம் பதின்மூன்றரை நிமிடத்துக்கு இறங்கியது, ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் ஆடியவர்கள் ஐந்து ஆட்டம் ஆடினார்கள், வாசலில் இருந்த கறுப்புப் புள்ளி வெளுத்துவிட்டது. அழித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதில் நீ இருக்கிறாயா என்று பார்க்க என்னால் முடியும், பார்க்கவில்லை.

நான்காம் வாரம் சிரிப்புக்காரன் என் மேஜைக்கு வந்தான், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். திரும்பி வருகிறவர்கள் தனித்தனியாக வருவதில்லை, ஐந்து ஐந்து பேராக வருகிறார்கள், கவனித்தீர்களா என்றான். நான் கவனிக்கவில்லை. "தனியா ஒருத்தனுக்கு எதை வித்தாலும் அது பந்தா சார். அஞ்சு பேருக்குச் சேத்து வித்தா, அதை விட்டுட்டுப் போக மனசு வராது. அணிக்கு ஒரு கொடி குடுப்போம், ஆளுக்கு ஒரு டீக் காசு போட்டா போதும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது, நல்ல யோசனை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கொடி என்ன செய்யும் என்று கேட்டேன். "பறக்கும், வேற ஒண்ணும் செய்யாது" என்றான். விடுவேனா, உடைப்பிடம் கொடுத்தேன், அரை நாளில் உடைத்துக்கொண்டு வந்தாள், முதுகில் பறக்கும் கொடிக்குப் பின்னால் இன்னொருவன் ஒளிந்துகொண்டால் எதிரிக்குத் தெரியவில்லை. இதோ, காசு கொடுத்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது, மறுபடி கேடயம்தான் என்றேன். சின்னதாக்கினால் எவன் வாங்குவான் என்று அவன் கத்தினான். ஆமாம், கத்தினான், அன்றுதான் அவனும் ஒரு மனிதன் என்று எனக்குப் பட்டது. ஆறு நாள் சண்டை போட்டோம். கடைசியில், கொடியை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் எதிரியின் திரையில் அது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய வேண்டும் என்று முடிவானது. சொன்னது யார் என்பதில் இன்று வரை எங்களுக்குள் தகராறு, நான்தான்.

ஐந்தாம் வாரம் கொடி வந்தது. ஆறாம் வாரம் கோட்டுக்குக் கீழே பத்து. ஏழாம் வாரம் இரண்டு. எட்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியம்மா எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார், எழுபது பேருக்கும் அங்கே நாற்காலி கிடையாது, பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள், நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன், சட்டென்று வெளியே போக வசதியாக இருக்கும் என்று. கோட்டுக்கு மேலே நூற்றுக்கு ஒன்பது. உடைப்பு விசில் அடித்தாள். ஒருவர் மாற்றி ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன வேணும், கேளுங்க" என்றார் முதலாளியம்மா. எட்டு வாரமாக இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். யார் ஜெயிப்பது என்பதை மாற்றுகிற எதையும் விற்கக் கூடாது, எழுத்தில் வேண்டும். இனி எது விற்பனைக்குப் போனாலும் வருமானத் தலைவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் சேர்ந்து இருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு பக்கம் எப்போதும் வெறும் அக்கவுண்ட்தான். அவர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரிப்புக்காரனும் போட்டான், போட்டுவிட்டு, "சார், கொடிக்கு என் பேரையும் ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று காதில் சொன்னான். சொன்னேன், சத்தமாக, எழுபது பேருக்கும் கேட்கும்படி. யோசனை அவனுடையது என்று சொல்லும்போது என் வாய் கொஞ்சம் கோணியது, ஆனால் சொன்னேன். என் கட்டுரையைத் திருடியவன் செய்யாததை நான் செய்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், அதுவும் ஒரு ஜெயம்தான். சாயங்காலம் உன் மாமா போன். வாழ்த்து என்று நினைத்தேன். "மச்சான், நாங்க கடையில அஞ்சு பேரு கொடி வாங்கியிருக்கோம், ரெண்டு வருஷமா ஆடறோம், உங்ககிட்ட சொல்லல. அந்த நீள வாளு வெட்டு பத்தல, கொஞ்சம் பாத்து ஏத்தி விடுங்க" என்றார். எல்லோருக்கும் ஒரே வெட்டுதான் மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியைச் சொல்ல நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

இன்னொன்று, இதை அம்மாவிடமும் சொல்லவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, நான் ஒரு வெறும் அக்கவுண்ட் திறந்து ஊர் பேர் தெரியாத ஒன்பது பேரோடு ஆட உட்கார்ந்தேன். என் பக்கம் நான்கு பேர் நன்றாகவே ஆடினார்கள். எதிரில் ஒருவன், கொடியும் இல்லை, உடுப்பும் இல்லை, நாங்கள் முதல் நாள் இலவசமாகக் கொடுக்கிற பழுப்புச் சட்டையோடு வந்தான். நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் அங்கே நின்றான். அந்த வாளின் வெட்டுக்கு எண் போட்டவன் நான், அதை வைத்தே என்னை ஆறு முறை வீழ்த்தினான். பதின்மூன்று நிமிடத்தில் எங்கள் கோட்டை விழுந்தது. முடிந்ததும் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது, "நல்லா ஆடுற தம்பி, இடது பக்கம் மட்டும் பாக்க மாட்டேங்கற." ஐம்பத்து மூன்று வயதுத் தம்பியான நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், இந்தத் தோல்விக்கு யார் காரணம் என்று தேடிப் பார்த்தேன். யாரும் கிடைக்கவில்லை. சிபாரிசு இல்லை, திருட்டு இல்லை, காசு இல்லை, அவன் என்னைவிட நன்றாக ஆடினான். யார் மேலும் கோபம் இல்லாமல் நான் தோற்றது அதுதான் முதல் தடவை, அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. "ரொம்ப நல்லா ஆடுனீங்கண்ணா" என்று எழுதிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். அம்மா வந்து கதவைத் தட்டுகிறவரை ஆடினேன்.

சரி, விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். நீ செய்கிற வேலையில் உன் கைக்கு உரியது உனக்கு வந்து சேரட்டும், உடம்பு திடமாக இருக்கட்டும், கூட நிற்க நல்ல மனிதர்கள் அமையட்டும், இதுவே அப்பாவின் ஆசி. கண் டாக்டரிடம் போ என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது, தள்ளிப்போடாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா இந்த எட்டு வாரக் கதையைப் போனில் சொல்வாள், முதல் தடவை கேட்பது போலக் கேள், அவள் சொல்வதில் பாதி யோசனை அவளுடையதாக இருக்கும், இருக்கட்டும், விட்டுவிடு.

மனசு நிறைந்த அன்போடு,
உன் அப்பா